அறிவித்தலும் காத்தலே

நுழையும்முன்

துணிக்கு நிறமூட்டவும் தோலைப் பதப்படுத்தவும் பயிரைக் காக்கவும் நோயைத் தீர்க்கவும் வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன. அவையின்றி இன்றைய தொழில் உலகம் இல்லை. ஆயினும், அப்பொருள்களை நாள்தோறும் கையாளும் தொழிலாளர்க்கு அவற்றின் இயல்பு தெரிந்திருக்கிறதா? ஆபத்தை அறிந்தவர் அதனை அறியாதவர்க்கு எடுத்துரைக்கும் கடமையும், அதனைக் கேட்டறியும் தொழிலாளரின் உரிமையும் எவ்வாறு உருப்பெற்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

புலன்களுக்கு எட்டாத ஆபத்து

தொழிற்கூடத்தில் ஆபத்துகள் இரு வகையின. சுழலும் சக்கரம், கொதிக்கும் கொப்பரை, உயரத்தில் கட்டிய சாரம் ஆகியவை முதல் வகை. இவற்றைப் பார்த்த அளவிலேயே மனிதன் எச்சரிக்கை அடைகிறான். வேதிப்பொருள்களால் விளையும் ஆபத்து இரண்டாம் வகை. அது பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தண்ணீரைப்போல் தெளிந்திருக்கும் நீர்மம் தோலைப் பொசுக்கும் அமிலமாக இருக்கலாம். இனிய மணம் வீசும் பென்சீன், நெடுநாள் சுவாசிப்பவருக்குக் குருதிப் புற்றுநோயை உண்டாக்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மணம் உடைய வளிகளும் நம்மை ஏமாற்றக்கூடும். கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாதாளச் சாக்கடைகளிலும் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு, மிகக் குறைந்த அளவில் இருக்கும்போதே அழுகிய முட்டையின் நாற்றத்தைத் தரும். காற்றில் அதன் அளவு பத்து இலட்சத்தில் 100 பங்கு என்னும் நிலையை எட்டினால், சில நிமிடங்களில் மோப்ப உணர்வே மரத்துப்போகும். நாற்றம் மறைந்ததால் ஆபத்து நீங்கியது என்று கருதித் தொட்டிக்குள் இறங்குபவர், அப்போதுதான் பேராபத்துக்குள் இறங்குகிறார். மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற எண்ணி, காரணம் அறியாமல் அடுத்தடுத்து இறங்குவோரும் அவ்வாறே உயிரிழக்கின்றனர். இத்தகைய தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் உரிய பாதுகாப்பின்றி மனிதரை இறக்கித் தூய்மை செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது.

வேதிப்பொருள் உடலுக்குள் புகும் வழிகள் பல. மூச்சின் வழியே நுரையீரலை அடைவது ஒன்று. தோலின் வழியாகவும் கண்ணின் வழியாகவும் உட்புகுவது மற்றொன்று. கழுவாத கையால் உண்ணும்போது வாயின் வழியே வயிற்றை அடைவது பிறிதொன்று. விளைவு தோன்றும் காலமும் வேறுபடும். குளோரின் வளியைச் சுவாசித்தவர் உடனே இருமித் துடிப்பார். கல்நார்த் தூசியைச் சுவாசித்தவருக்கு நோய் வெளிப்படப் பல்லாண்டுகள் ஆகலாம். இன்று செய்த பணிக்கும் முதுமையில் வந்த நோய்க்கும் உள்ள தொடர்பைத் தொழிலாளர் தம் பட்டறிவால் மட்டும் கண்டுகொள்ள இயலாது.

எனவே, இவ்வகை ஆபத்தை அறிந்தவர் ஒருவர் மொழியின் வழியே பிறருக்கு உணர்த்தியாக வேண்டும். அவ்வாறு உணர்த்தாதபோதும், உணர்த்தும் முறை தவறியபோதும் நேர்ந்தவற்றை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது.

சொல்லாமல் மறைத்த உண்மை

முதல் உலகப்போர்க் காலத்தில், இருளிலும் மணி காட்டும் கைக்கடிகாரங்கள் படைவீரர்களுக்குத் தேவைப்பட்டன. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள ஆரஞ்சு நகரத்துத் தொழிற்சாலையில், ரேடியம் கலந்த ஒளிர்வண்ணத்தால் கடிகார எண்களை எழுதும் பணி 1917இல் தொடங்கியது. இளம்பெண்களே அப்பணியில் அமர்த்தப்பட்டனர். எண்கள் நுண்ணியவை, தூரிகையின் முனை கூராக இருக்கவேண்டும். அதற்காகத் தூரிகையை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சிறிதளவு ரேடியம் அவர்கள் வாய்க்குள் சென்றது. அது தீங்கற்றது என்றே அவர்களிடம் கூறப்பட்டது. சிலர் விளையாட்டாக நகங்களிலும் பற்களிலும் அவ்வண்ணத்தைப் பூசி, இருளில் ஒளிர்வதைக் கண்டு மகிழ்ந்தனர்.

அதே நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ஈயத் தடுப்புகளுக்குப் பின்னால் நின்று, இடுக்கியால் ரேடியத்தைக் கையாண்டனர். ஆபத்து அறியப்பட்டிருந்தது, அந்த அறிவு பணிமேசைவரை வந்து சேரவில்லை.

தனிம அட்டவணையில் ரேடியமும் கால்சியமும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. ஆதலால் உடல், ரேடியத்தைக் கால்சியம்போல் ஏற்று எலும்பில் சேர்த்துவைக்கிறது. அங்கிருந்து அது இடைவிடாது கதிர்வீசும். சில ஆண்டுகளில் அப்பெண்களின் பற்கள் உதிர்ந்தன, தாடையெலும்பு சிதைந்தது, பலர் இறந்தனர். கிரேஸ் ஃபிரையர் உள்ளிட்ட ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் உடன்பாட்டில் முடிந்தது. இழப்பீடும் மருத்துவச் செலவும் கிடைத்தன. இழந்த உடல்நலம் மீளவில்லை. ஆயினும், தொழிலால் வரும் நோய்க்கு நிறுவனம் பொறுப்பேற்கவேண்டும் என்னும் கருத்து அவ்வழக்கால் வலுப்பெற்றது.

சொல்லியும் புரியாத எச்சரிக்கை

மறைத்தலால் மட்டுமன்று, புரியாத வகையில் சொல்வதாலும் உயிர்கள் பறிபோகும். 1971ஆம் ஆண்டு ஈராக் நாட்டிற்குக் கோதுமையும் வாற்கோதுமையும் விதைக்கென இறக்குமதி செய்யப்பட்டன. பூஞ்சை தாக்காதிருக்க அவ்விதைகள்மீது பாதரசச் சேர்மம் பூசப்பட்டிருந்தது. அவை உண்பதற்கு உரியன அல்ல என்பதைக் காட்டச் செந்நிறச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. மூட்டைகள்மீது எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால், அது ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அரபு மொழியும் குர்து மொழியும் பேசிய உழவர்களுக்கு அவ்வெழுத்துகள் வெறும் கோடுகளே. நச்சுப்பொருளைக் குறிக்கும் மண்டையோட்டுச் சின்னத்தின் பொருளும் அச்சிற்றூர் மக்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

உழவர்கள் விதையைக் கழுவினர். செந்நிறம் நீங்கியது, அத்துடன் நஞ்சும் நீங்கியது என நம்பினர். சிலர் கோழிகளுக்கு இட்டுச் சில நாள் பார்த்தனர். உடனடித் தீங்கு ஏதும் தோன்றவில்லை. பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கி, அதன் அறிகுறிகள் வெளிப்படப் பல வாரங்கள் ஆகும் என்பதை அவர்கள் அறியார். விதை மாவாகி, ரொட்டியாகி, குடும்பத்தின் உணவானது. 6530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் இறந்தனர். பார்வையையும் நடையையும் பேச்சையும் இழந்தோர் பலர்.

அம்மூட்டைகளில் எச்சரிக்கை இருந்தது என்பது உண்மை. ஆயினும், அங்கே அறிவித்தல் நிகழவில்லை. கேட்பவரின் மொழியில் அமைந்து, கேட்பவருக்குப் புரிந்து, அவர் செயலை மாற்றும்போதே ஓர் எச்சரிக்கை நிறைவுபெறுகிறது.

போபால் தந்த பாடம்

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், போபால் நகரின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சுவளி வெளியேறியது. சேமிப்புத் தொட்டிக்குள் நீர் புகுந்ததால் வெப்பமும் அழுத்தமும் கட்டுக்கடங்காமல் பெருகின. ஏறத்தாழ 40 டன் நச்சு காற்றில் கலந்தது. காற்றைவிட அடர்த்தி மிகுந்த அவ்வளி நிலத்தையொட்டிப் பரவி, உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புகளைச் சூழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

அந்த இரவில் மக்களுக்குத் தம்மைச் சூழ்ந்தது எது என்று தெரியவில்லை. கண்ணெரிச்சல் தாங்காமல் எழுந்தவர்கள், எத்திசையில் ஓடவேண்டும் என்பதை அறியாமல் காற்று வீசிய திசையிலேயே ஓடினர். ஓட ஓட மூச்சு வாங்கியது. மிகுதியான நச்சு உள்ளே சென்றது. மீத்தைல் ஐசோசயனேட் நீருடன் வினைபுரியும் இயல்புடையது. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்றோட்டத்திற்குக் குறுக்காக விலகவேண்டும் என்னும் சிறு செய்தி முன்னரே தெரிந்திருந்தால், பலருக்குத் தப்பும் வாய்ப்புக் கூடியிருக்கும். கூட்டங்கூட்டமாக வந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர்களும், அவர்களைத் தாக்கிய பொருள் எது என்பதை அறியாமலேயே போராடினர். தொழிற்சாலையின் மதிலோடு தகவல் நின்றுவிட்டது. நஞ்சு மதிலைக் கடந்து வந்தது.

சட்டம் தந்த உரிமை

போபால் நிகழ்வுக்குப்பின், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் முதன்மையான திருத்தங்கள் செய்யப்பட்டன. இடர்மிகு செயல்முறைகளைக் கொண்ட தொழிற்சாலையை நடத்துபவர், அங்குள்ள ஆபத்துகளையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் தொழிலாளர்க்கும் ஆய்வு அலுவலர்க்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் வெளிப்படுத்தவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தொழிலாளரும் நிருவாகமும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் பாதுகாப்புக் குழு அமைக்கப்படவேண்டும் என்பது மற்றொன்று. தம் உடல்நலம், பாதுகாப்புத் தொடர்பான தகவலையும் பயிற்சியையும் பெறும் உரிமை தொழிலாளர்க்கு வழங்கப்பட்டது. உடனடி ஆபத்து நேரும் என்று தக்க காரணத்தோடு அஞ்சினால், அதனை நிருவாகத்தின் கவனத்திற்கும் ஆய்வாளரின் கவனத்திற்கும் கொண்டுசெல்லும் உரிமையும் உறுதிசெய்யப்பட்டது.

உலக அளவிலும் இச்சிந்தனை வளர்ந்தது. அமெரிக்கா 1983இல் வேதி ஆபத்துகளைத் தொழிலாளர்க்கு அறிவிப்பதற்கான விதிமுறையை வெளியிட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1990இல் வேதிப்பொருள் பாதுகாப்புக்கென உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. நாட்டுக்கு நாடு வேறுபட்ட எச்சரிக்கைக் குறிகளை ஒன்றாக்க வேண்டும் என 1992இல் ரியோ மாநாட்டில் முடிவு செய்யப்பட்டது. அதன் பயனாக, உலகுக்குப் பொதுவான வகைப்பாட்டு முறையை ஐக்கிய நாடுகள் அவை 2003இல் நூலாக வெளியிட்டது.

கலன் பேசும் மொழி

வேதிப்பொருள் அடங்கிய கலனின்மேல் ஒட்டப்படும் விவரச்சீட்டே அப்பொருள் நம்மிடம் பேசும் முதல் மொழி. பொதுமுறைப்படி அச்சீட்டில் பொருளின் பெயர், அதனை வழங்கிய நிறுவனத்தின் பெயர், படக்குறிகள், ஆபத்துத் தொடர்கள், முன்னெச்சரிக்கைத் தொடர்கள் ஆகியன இருக்கவேண்டும். தீங்கின் கடுமையை உணர்த்த ஒற்றைச் சொல்லும் இடம்பெறும். கடுமை மிக்கதற்கு ‘ஆபத்து’ என்றும், அதனினும் குறைந்ததற்கு ‘எச்சரிக்கை’ என்றும் குறிப்பிடுவர்.

சீட்டில் அடங்காத விரிவான செய்திகளைத் தருவது பாதுகாப்புத் தரவுத்தாள். இதில் 16 பகுதிகள் உள்ளன. பொருள் யாது, அதனால் வரும் தீங்கு யாது, உடலில் பட்டால் செய்யவேண்டிய முதலுதவி யாது, தீப்பற்றினால் எதைக்கொண்டு அணைப்பது, சிந்தினால் எவ்வாறு அகற்றுவது, எப்பொருளோடு சேர்த்துவைக்கக் கூடாது, எத்தகைய கையுறையும் முகக்கவசமும் தேவை என்பனவற்றை வரிசைமுறையில் அறியலாம். இத்தாள் மேலாளரின் அறையில் பூட்டிவைப்பதற்கு உரியதன்று. பணியிடத்தில், எந்தப் பணிமுறையிலும், எவரும் எளிதில் எடுத்துப் பார்க்கும்படி இருத்தல் வேண்டும்.

விவரச்சீட்டின் பயனை அழிக்கும் பழக்கம் ஒன்று நம்மிடையே உண்டு. பெரிய கலனிலுள்ள அமிலத்தையோ கரைப்பானையோ குடிநீர்ப் புட்டியில் ஊற்றிவைப்பதே அது. ஊற்றியவருக்கு அது அமிலம். தாகத்தோடு வருபவருக்கு அது தண்ணீர். எச்சிறு கலனாயினும் உள்ளிருக்கும் பொருளின் பெயரும் ஆபத்தும் எழுதப்பட்டிருக்கவேண்டும். உணவுக்கும் குடிநீருக்கும் உரிய கலன்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

> தெரிந்து தெளிவோம்
>
> செந்நிறச் சாய்சதுரத்திற்குள் அமைந்த ஒன்பது படக்குறிகள் வேதிப்பொருள்களின் ஆபத்தைக் காட்டுகின்றன.
>
> வெடித்துச் சிதறும் குண்டு – வெடிக்கும் தன்மை
> தீச்சுடர் – தீப்பற்றும் தன்மை
> வட்டத்தின்மேல் தீச்சுடர் – பிற பொருள் எரிவதை மிகுவிக்கும் தன்மை
> வளி உருளை – அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வளி
> கையையும் உலோகத்தையும் அரிக்கும் துளிகள் – அரிக்கும் தன்மை
> மண்டையோடும் எலும்பும் – உயிருக்கு உடனடித் தீங்கு செய்யும் நஞ்சு
> வியப்புக்குறி – எரிச்சல் முதலிய சற்றுக் குறைந்த தீங்கு
> மார்பில் வெடிப்புடைய மனித உருவம் – புற்றுநோய் போன்ற நெடுங்காலத் தீங்கு
> பட்ட மரமும் இறந்த மீனும் – நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு

பயிற்சியே உயிர்நாடி

படக்குறிகளும் தரவுத்தாள்களும் தாமாகவே எவரையும் காப்பதில்லை. அவற்றைப் படிக்கவும் அதன்படி செயற்படவும் தொழிலாளரைப் பழக்குவது பயிற்சி. பணியில் சேரும் நாளிலும், புதிய வேதிப்பொருள் அறிமுகமாகும்போதும், செயல்முறை மாறும்போதும் பயிற்சி தரப்படவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர், இரவுப் பணியாளர், துப்புரவுப் பணியாளர் எவரும் விடுபடலாகாது. நஞ்சு, நிரந்தரப் பணியாளர் என்றும் நாட்கூலி என்றும் வேறுபாடு பார்ப்பதில்லை.

நல்ல பயிற்சியின் முதல் இலக்கணம் மொழி. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பலகைகள் தமிழ்த் தொழிலாளருக்குப் பயன்படா. இன்று திருப்பூரிலும் சென்னையின் தொழிற்பகுதிகளிலும் ஒடிசா, பீகார், சார்க்கண்டு, அசாம், மேற்குவங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருமளவில் பணிபுரிகின்றனர். தமிழில் மட்டும் எழுதிய பலகை அவர்களுக்கு ஈராக் உழவர் கண்ட மூட்டையாகிவிடும். நம் மொழியில் எச்சரிக்கையை வேண்டும் நாம், பிறருக்கு அவர்தம் மொழியில் அது கிடைக்கவும் குரல் கொடுத்தல் முறையாகும். எழுத்தறியாதோர்க்கு வாய்மொழி விளக்கமும் செய்துகாட்டலும் தேவை.

இரண்டாம் இலக்கணம் புரிதலைச் சோதித்தல். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் தயக்கத்தால் பலரும் தலையசைப்பர். ‘இப்பொருள் கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்? செய்துகாட்டுங்கள்’ என்று கேட்பதே சிறந்த வழி. கண் கழுவும் குழாய்வரை நடந்து, கண்ணிமைகளைத் திறந்து பிடித்து, குறைந்தது 15 நிமிடம் நீரால் கழுவவேண்டும் என்பதைச் செய்துகாட்டியவரே கற்றவர். கையொப்பம் பெற்ற வருகைப் பதிவேடு பயிற்சி நடந்ததற்குச் சான்றாகலாம், கற்றதற்குச் சான்றாகாது. வெளியேறும் ஒத்திகையும் அவ்வாறே நடத்தப்படவேண்டும்.

மூன்றாம் இலக்கணம், காரணத்தோடு கற்பித்தல். தோல் பதனிடும் தொழிலில் முடியை நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அதன் கழிவும் அமிலக் கழிவும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படும். ‘இரண்டையும் கலக்காதே’ என்னும் கட்டளை மறந்துபோகலாம். கலந்தால் உண்டாகும் வளி எது, அது என்ன செய்யும் என்பதை அறிந்தவர், மேற்பார்வையாளர் இல்லாத இடத்திலும் கலக்கமாட்டார்.

அறிவித்தல் முதற்படி

எச்சரித்துவிட்டோம் என்பதனால் நிருவாகத்தின் கடமை முடிந்துவிடாது. தீங்கான பொருளை நீக்குதல், இயலாவிடில் தீங்கு குறைந்த பொருளை ஏற்றல், வளியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பை நிறுவுதல், பணிமுறையை மாற்றுதல் ஆகியவற்றுக்குப் பின்னரே கையுறையும் முகக்கவசமும் வருகின்றன.

தீப்பெட்டித் தொழில் இதற்குச் சான்று. முற்காலத் தீக்குச்சிகளில் வெண்பாஸ்பரஸ் பயன்பட்டது. அதன் ஆவி தொழிலாளரின் தாடையெலும்பை அழித்தது. இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பணிபுரிந்த பெண்கள் 1888இல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களின் நிலையை இதழில் எழுதி உலகறியச் செய்தவர், பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார். வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 1906இல் பெர்ன் நகரில் உருவானது. இந்தியாவிலும் 1913இல் தடைச்சட்டம் வந்தது. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் கால்கொண்டபோது, அக்கொடிய பொருள் விலக்கப்பட்டிருந்தது. எத்தனை எச்சரிக்கைப் பலகைகளாலும் இயலாத பாதுகாப்பைப் பொருளையே மாற்றியமை தந்தது. அம்மாற்றத்துக்கும், ஆபத்தை அறிந்தோர் வாய்திறந்து பேசியதே தொடக்கமாக அமைந்தது.

ஆய்வகத்திலிருந்து தொடங்குவோம்

இப்பழக்கங்கள் பணியில் சேர்ந்தபின் கற்கவேண்டியவை என்று மாணவர்கள் எண்ணவேண்டா. பள்ளியின் வேதியியல் ஆய்வகமும் ஒரு பணியிடமே. புட்டியின் சீட்டைப் படித்தபின் மூடியைத் திறத்தல், சீட்டில்லாப் புட்டியை ஆசிரியரிடம் ஒப்படைத்தல், பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதிருத்தல், நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் ஆகியன அங்கேயே பழகவேண்டியவை. அடர் கந்தக அமிலத்தில் நீரை ஊற்றினால், வெளிப்படும் வெப்பத்தால் நீர் கொதித்து அமிலத்தைத் தெறிக்கச் செய்யும். காரணம் அறிந்தோர் இவ்வரிசையை ஒருநாளும் மாற்றார்.

வீடும் அவ்வாறே. கழிப்பறையைத் தூய்மை செய்யும் அமிலத்தையும் வெளுக்கும் தூளையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வெளிப்படும். முதல் உலகப்போரில் படைக்கருவியாகப் பயன்பட்ட அதே வளி அது. இதனை அறிந்த மாணவர் தம் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லலாம்.

நாளை நீங்கள் தொழிலாளராகலாம், மேற்பார்வையாளராகலாம், பொறியாளராகவோ தொழில் முனைவோராகவோ உயரலாம். தொழிலாளராயின், ‘இக்கலனில் இருப்பது என்ன?’ என்று கேட்கத் தயங்காதீர்கள். அவ்வினா உங்கள் உரிமை. பொறுப்பில் இருப்பவராயின், அவ்வினா எழும்வரை காத்திராமல் விடையைக் கேட்போரின் மொழியில் சொல்லுங்கள். அது உங்கள் கடமை.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி ஆய்வகத்திலுள்ள ஐந்து வேதிப்பொருள் புட்டிகளின் சீட்டுகளைப் பார்த்து, அவற்றிலுள்ள படக்குறிகளையும் எச்சரிக்கைத் தொடர்களையும் தமிழில் எழுதுக.
2. உங்கள் பகுதியில் வேதிப்பொருள்களைக் கையாளும் தொழிலாளர் ஒருவரிடம் உரையாடி, அவருக்குக் கிடைத்த பாதுகாப்புப் பயிற்சி குறித்து ஒரு பக்க அறிக்கை உருவாக்குக.
3. ‘எச்சரிக்கை இருந்தது, அறிவித்தல் நிகழவில்லை’ – ஈராக் நிகழ்வை முன்வைத்து இக்கருத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.